மூலையில் இருந்த தேதி

வீட்டு வீடியோவை டிவிடியாக மாற்ற மென்பொருள் வாங்கப் போகிறவர் என்ன கேட்பார்? படம் தெளிவாக வருமா, சீக்கிரம் முடியுமா என்று கேட்பார். நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கேட்டதைக் கேளுங்கள்.

"இதுல தேதியை அழிக்க முடியுமா?"

கம்ப்யூட்டர் கடைக்காரர் முழித்தார். "எந்தத் தேதி சார்?"

"படத்தோட மூலைல வருமே, பழைய கேமரால."

"அது படத்தோட சேர்ந்து பதிவானது சார், போகாது. அது கிடக்கட்டும், இதைப் பாருங்க. ரெண்டு மணி நேரப் படத்தைத் துளி கலங்காம டிஸ்க்ல ஏத்திடும்."

"ஓரத்தை வெட்டுமா?"

"வெட்டாது."

"சத்தத்தை எடுக்குமா?"

"எடுக்காது. அதெல்லாம் இந்த இன்னொண்ணுல இருக்கு. ஆனா படம் மங்கிடும், பாதில நின்னு உயிரை வாங்கும். யாரும் வாங்கறதில்ல சார்."

"அதையே குடுங்க."

எல்லாம் அவருடைய இரண்டு பெண்களில் சின்னவள் ஆரம்பித்து வைத்தது. வேலை கிடைத்து அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போகிறாள். போகும்போது கையில் கொண்டுபோக ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, நான் குழந்தையா இருந்தப்ப எடுத்ததை டிவிடில போட்டுக் குடுங்கப்பா. அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

அதற்கென்ன என்று சொல்லிவிட்டு அலமாரி மேலிருந்து கேசட்டுகளை இறக்கினார். மொத்தம் பதினொன்று. பத்து கேசட்டிலும் பெரியவள்தான். கவிழ்ந்தது, தவழ்ந்தது, தும்மியது, ஒன்றுமே செய்யாமல் தூங்கியது. தூங்கியதை மட்டும் நாற்பது நிமிடம் எடுத்திருந்தார் மகாராசன்! பதினொன்றாவதில் சின்னவளுக்குப் பதினேழு நிமிடம். அதிலும் நடுவில் நின்று பாட்டுப் பாடுவது பெரியவள். சின்னவள் குறுக்கே குறுக்கே வருகிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரலே அதட்டுகிறது. "குட்டி, நகரு. அக்கா மறையறா பாரு." ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவையில் குழந்தை நகர்ந்து படத்தைவிட்டே போய்விட்டது.

கேமரா கெட்டுப்போய்விட்டது என்று இத்தனை வருடமாகச் சின்னவளிடம் சொன்னது பச்சைப் பொய். கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. அவள் பிறந்த வருடம்தான் கடை திறந்தார், ஓய்வில்லை, வாஸ்தவம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்துகொண்டுதானே இருந்தது? தலைச்சன் பிள்ளையிடம் கண்ட அதிசயம் இரண்டாவதிடம் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை எந்த அப்பன் வாய்விட்டுச் சொல்வான்?

இவரும் சொல்லவில்லை. சொல்லாமல் வேறு ஒன்று செய்தார். ஒரு வயதில் இரண்டு பெண்களும் அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். அதே சுருட்டை முடி, அக்காவுக்குப் போட்டுத் தங்கைக்கு வந்த அதே கவுன். பெரியவளுடைய கேசட்டிலிருந்து முப்பது நிமிடத்தை எடுத்தார். மூலையில் இருந்த தேதி போவதற்காக ஓரத்தை வெட்டினார். பெரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்காமலிருக்கச் சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலைப் போட்டார். பெரியவளின் டிஸ்க்கில் அந்த முப்பது நிமிடம் வராமலும் பார்த்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை! அதற்கு நான்கு சாயங்காலம் ஆயிற்று. கம்ப்யூட்டர் தொண்ணூறு சதவீதம் போய்ப் போய் நின்றது.

"ஊருக்கெல்லாம் கண்ணு தெளிவா தெரிய வைக்கிறீங்க. வீட்டுப் படம் இப்படிப் புகை மூட்டமா இருக்கே?" என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து.

"இதுதான் இருக்கறதிலேயே நல்லதாம். கடைக்காரர் சொன்னார்."

ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் தானாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியவளும் வந்துவிட்டாள். நான்கு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மனைவி மடியில் துணியைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு டிஸ்க்கை ஓட விட்டாள்.

"ஐயோ, நானா இது! எவ்ளோ குண்டு! அக்கா, பாரேன்!"

பெரியவள் பார்த்தாள். குழந்தைக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு.

"இது எந்த வீடுப்பா?" என்றாள் சின்னவள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேதியை வெட்டின மனிதர் வீட்டை மறந்தார். சின்னவள் பிறப்பதற்கு முன்பே காலி செய்த வாடகை வீடு அது. மனைவிக்குத் தெரியும். காலி செய்தபோது நாலு வயதான பெரியவளுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

பெரியவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ பொறந்தப்ப இருந்த வீடுடி. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?" என்றாள் பெரியவள்.

திரையில் குழந்தை எழுந்து நின்றது. அன்றைக்குக் கேமராவைப் பிடித்திருந்தது மனைவி. ஒரு அடி, இரண்டு அடி, தள்ளாடி நாலு அடி வைத்து, நீட்டியிருந்த இரண்டு கைகளுக்குள் போய் விழுந்தது.

"இது உங்க கைதானேப்பா? அந்த வாட்ச் உங்களோடதுதானே? நான் முதமுதல்ல நடந்தது உங்ககிட்டயா?"

மனைவியின் கை துணியில் அப்படியே நின்றுவிட்டது. சின்னவள் முதலில் நடந்தது அவளிடம். ஒரு வேலை நாள் காலையில், சமையலறையில், வேறு யாருமே இல்லாதபோது. பூரிப்போடு கடைக்குப் போன் போட்டாள். "ஆள் இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவே இல்லை.

"ஆமாம்மா. என்கிட்டதான்" என்றார்.

மனைவி எழுந்தாள். "அடுப்புல ஏதோ வெச்ச ஞாபகம்" என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். பெரியவளிடமிருந்து முப்பது நிமிடத்தை எடுத்தவர் இப்போது பெண்டாட்டியிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டார். சீ, என்ன பிழைப்பு இது என்று அவருக்கே தன்மேல் குமட்டியது. சொல்லிவிடலாம், இந்த நிமிடமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

சின்னவள் அதற்குள் நகர்ந்து வந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு அக்காவைத்தான் பிடிக்கும்னு சின்ன வயசுலேர்ந்து நினைச்சுக்கிட்டு இருந்தேன். உங்களை மனசுக்குள்ள எவ்வளவோ திட்டியிருக்கேன். தப்புதான். என்னை மன்னிச்சுடுங்கப்பா."

அவர் பெரியவளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"பரவால்லம்மா" என்றார் அப்பா. மன்னிப்புக் கேட்க வேண்டியவர், பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டு, அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.