முப்பது எண்ணும் நேரம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்ததில் கை தப்பியது, கால் தப்பியது, வாய்தான் மாட்டிக்கொண்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட வாய்! இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்சை மிதிங்க, அது ஒண்ணும் உங்க மாமியார் கால் இல்ல, பயப்படாம மிதிங்க" என்று பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்த வாய். வீட்டிலும் அதே கூத்துதான். குளித்துக்கொண்டே பேசுவார். "ரெண்டு நிமிஷம் அந்த வாய்க்கு லீவு குடுங்களேன்" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. இப்போது அதையே நினைத்து நினைத்து அவள் அழுதாள்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற கெட்டிக்காரி. கடையில் சண்டை போட்டு மூன்று மாதம் விடுப்பு வாங்கினாள். "அவரைப் பேச வைக்காம இந்தப் படி ஏற மாட்டேன்" என்று முதலாளியிடம் சபதம் வேறு போட்டுவிட்டு வந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு மிஞ்சிப் போனால் இருபத்தைந்து வயதிருக்கும். படம் போட்ட அட்டைக் கட்டு ஒன்றை மனைவியின் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, நாம பேசறதெல்லாம் சாருக்குப் புரியுது. வார்த்தையும் உள்ளதான் இருக்கு, வெளிய எடுக்கத்தான் நேரமாகுது. ஒரு அட்டையைக் காட்டிட்டு மனசுக்குள்ள முப்பது வரைக்கும் எண்ணுங்க. நீங்களா எடுத்துக் குடுத்துடாதீங்க. முக்கியமா, அவர் முகத்துலேருந்து கண்ணை எடுக்கவே கூடாது. நமக்காக ஒருத்தர் காத்துட்டிருக்காங்கன்னு தெரிஞ்சாதான் அவருக்கு முயற்சி பண்ணத் தோணும்."

"முப்பது என்னம்மா முப்பது, முந்நூறு எண்ணுறேன்" என்றாள் அவள்.

முதல் நாள் சாவிப் படத்தைக் காட்டினாள். பதினைந்தில் அவர் நெற்றி வியர்த்தது. இருபதில் உதடு கோணியது. இருபத்தாறில், "ச்... சா... வி" என்றார். அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். உடனே நாத்தனாருக்குப் போன் போட்டு, "உங்க அண்ணன் சாவின்னு சொல்லிட்டாரு!" என்று கத்தினாள். "போச்சு, இனி எங்க காதுக்கு நிம்மதி இல்ல அண்ணி" என்று அந்தப் பக்கம் நாத்தனாரும் அழுதாள்.

அந்த வேகத்திலேயே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. குறுக்கே அவள் போனில் பார்க்கிற அந்தப் பாழாய்ப்போன வீடியோ வந்து நின்றது. ஆனால் அவளை மட்டும் திட்டுவதும் அநியாயம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரும்பு நாற்காலியில், பத்தொன்பது நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவள் அவள். அதுவரை போனில் பேசுவதைத் தவிர வேறெதுவும் அறியாதவளுக்கு, கூட வேலை பார்ப்பவள்தான் அந்தச் சின்னச் சின்ன வீடியோக்களை அனுப்பிவைத்தாள். ஒரு பூனை குதிக்கும், ஒருத்தி கேக் வெட்டுவாள், ஒரு குழந்தை தும்மிவிட்டுச் சிரிக்கும். ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி. விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் வரை அழுகை வரவில்லை. பாவம், வேறு யார் வந்து அவளுக்கு அந்த உதவியைச் செய்தார்கள்?

அந்த விரல் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வாரத்திலேயே முப்பது என்பது அவளுக்கு மலையாகிவிட்டது. அட்டையைக் காட்டிவிட்டு எண்ண ஆரம்பிப்பாள். ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குள் உடம்பெல்லாம் பரபரக்கும். அவர் இன்னும் "கு... கு..." என்று முக்கிக்கொண்டிருப்பார். ஒண்ணே ஒண்ணு பார்த்துவிட்டு நிமிரலாம் என்று கை மடியிலிருக்கும் போனுக்குப் போகும். நிமிரும்போது அவர் வாயை மூடிக்கொண்டு அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சரி விடுங்க, குடை. அடுத்தது பாக்கலாமா?" என்பாள்.

பிறகு ஒரு காலை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் அட்டை எதுவும் இல்லாமல் தானாக வந்து அவள் தோளைத் தொட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அவராக ஏதோ சொல்ல வந்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள். கண்ணைத் திருப்பவில்லை.

அவர் உதட்டைக் கூட்டினார். "நா... நா..." என்று தொடங்கினார். திரையில் ஒரு பூனை ஃப்ரிட்ஜ் மேல் ஏறி, வழுக்கி, நேராகத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் பாதி திறந்தபடி நின்றிருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"ஐயையோ, உங்களைப் பாத்து இல்லங்க! சத்தியமா இல்ல. இந்தப் பூனையைப் பாருங்களேன்..." என்று பதறிக்கொண்டு போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பூனை விழும் வரை பொறுமையாகப் பார்த்தார். சிரித்தார். பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். என்ன சொல்ல வந்தீங்க என்று பின்னாலேயே போய்க் கெஞ்சியதற்கு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

அன்றோடு சரி. அட்டையைக் காட்டினால் ஜன்னலைப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தொட்டுக் காட்டினார். அவள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள், ஒரு மணி நேரத்தில் தானே திறந்து எடுத்தாள். சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்: அவர் பேசாமல் இருந்தது அவளுக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருந்தது.

ஆறாவது வாரம் பயிற்சிப் பெண்ணிடம் மறுபடி அழைத்துப் போனாள். "ஒரு வார்த்தை வரலம்மா. இருந்த சாவியும் போச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பெண் அவரை ஒரு முறை பார்த்தாள், அவளை ஒரு முறை பார்த்தாள். "நீங்க கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்க அக்கா."

கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பழக்க தோஷம், போனை எடுத்தாள். இரண்டு வீடியோ போயிருக்கும். உள்ளேயிருந்து, "மழை" என்று கேட்டது.

அவருடைய குரல். கரகரவென்று, கொஞ்சம் இழுத்து, ஆனால் அவருடையதேதான். வெகுநேரம் கழித்து, "குடை." அவள் எழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

"நல்லா பேசறீங்களே சார்! அப்புறம் வீட்ல அக்காகிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே நின்றவள் தன்னையறியாமல் எண்ணினாள். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. அந்தப் பெண் அசையவில்லை. ஐம்பத்து மூன்றில் அவர் வாய் திறந்தது.

"அவ... பாவம்."

மறுபடி உதடு கோணியது.

"அவளுக்கு... நேரம்... இல்ல."

அந்தக் குரலில் குறை என்பது மருந்துக்கும் இல்லை. மனைவியை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் அத்தோடு நிறுத்தவுமில்லை. இன்னும் ஏதோ சொல்ல முயன்று, கழுத்து நரம்பு புடைக்க வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் பொறுக்கமுடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவளைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க. எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்குங்க. நான் எங்கேயும் போகல, இங்கேயேதான் இருக்கேன். சொல்லுங்க." கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். எண்ணக்கூட இல்லை.

அவர் அவள் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டார். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, வீட்டுக்குப் போகலாம் என்று கையைக் காட்டினார்.