ஃபிளாப் இறக்காத விமானம்

கர்டிஸ் அன்று ஃபிளாப் இறக்காமல்தான் தரையிறங்கினான். ஓடுபாதையின் ஓரத்தில் பனிவண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பாதித் தூரத்திலேயே வேகம் தணிந்து நின்றுவிடும் அந்த ஒற்றை எஞ்சின் விமானம், அன்று கடைசிக் கம்பம் வரை ஓடித்தான் நின்றது. தபால் மூட்டைகளை இறக்குவதும் ஆட்களை ஏற்றுவதும் என் வேலை. பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், எந்தப் பைலட்டும் காரணமில்லாமல் அப்படி இறங்கமாட்டான்.

பின்னால் சறுக்குவண்டியில் என் மனைவி நஸ்தாசியா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வாரம். எங்கள் ஊர்ப் பெண்கள் கடைசி மாதம் பெத்தேல் நகரத்துக்கு விமானத்தில் போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிவிடுவார்கள். இவளுக்கு இரண்டு நாளாக ரத்த அழுத்தம் வேறு ஏறியிருந்தது. இன்றே போயாகவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நாளையிலிருந்து புயல். ஒரு வாரத்துக்கு எதுவும் பறக்காது.

பூஜ்யத்துக்கு மூன்று டிகிரி கீழே. வெளியூர்க்காரர்கள் இதை நல்ல நாள் என்பார்கள். நாங்கள் பயப்படுவதே இந்த மாதிரி நாளுக்குத்தான். முப்பது டிகிரி கீழே போய்விட்டால் மேகத்திலுள்ள நீர் முன்பே தூளாக உறைந்திருக்கும், விமானத்தில் பட்டாலும் ஒட்டாமல் பறந்துவிடும். மூன்று டிகிரியில் அது இன்னும் துளியாகவே தொங்கிக்கொண்டிருக்கும், எதன் மேலாவது மோதவேண்டும், அந்த இடத்திலேயே உறைவதற்கு. விளிம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வேகமாகச் சேரும். இறக்கையைவிட வால் மெல்லியது. ஓட்டுபவன் கண்ணுக்கு இறக்கை தெரியும், வால் தெரியாது. வேகத்தைக் குறைக்க, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பலகையை, அதாவது ஃபிளாப்பை, கீழே மடக்கினால் வாலின் மேல் காற்று படும் கோணம் மாறும். விமானத்தின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்திருப்பது வால்தான். ஐஸ் பிடித்த வால் அந்தப் புதுக் கோணத்தில் பிடியை விட்டுவிட்டால் மூக்கு நேராகத் தரையில் குத்தும். வால் மேல் சந்தேகம் வந்தவன் ஃபிளாப்பைத் தொடமாட்டான்.

ஆனால் பத்து நிமிடம் முன்புதான் கர்டிஸ் ரேடியோவில் எல்லாருக்கும் சொல்லியிருந்தான்: "வழியில ஐஸ் எதுவும் இல்ல."

கதவைத் திறந்ததும் தபாலைத் தொடாமல் துடைப்பத்தோடு இறங்கினான்.

"நஸ்தாசியா, எடை சொல்லு. ஓராள் எடையா, ரெண்டாள் எடையா?"

"உன் வயித்தயும் என் வயித்தயும் பக்கத்துல வச்சுப் பாரு. யாருக்கு மாசம் அதிகம்னு தெரியும்."

அவன் சிரித்துக்கொண்டே இறக்கையைப் பெருக்கினான். பிறகு வாலின் இடப்பக்கம், எங்களைப் பார்த்திருந்த பக்கம். நான் மறுபக்கம் போனேன். கையுறையைக் கழற்றி விளிம்பைத் தடவினேன். இரண்டு விரல் கனத்துக்குச் சொரசொரப்பான ஐஸ். கொஞ்சம் உடைத்துக் கையில் எடுத்துவந்து அவனிடம் நீட்டினேன்.

"அது தரையில ஓடும்போது தெறிச்ச பனி, வசிலி."

"தெறிச்ச பனி உதிரும். இத உடைக்க வேண்டியிருந்துச்சு."

அவன் பெருக்குவதை நிறுத்தவில்லை. "போறப்ப மேகத்துக்குக் கீழயே, ஆத்த ஒட்டிப் போயிடலாம். பிரச்சன இல்ல."

"அப்ப வர்றப்ப ஏன் அப்படி வரல?"

"ஆத்து வளைவுகிட்ட மேகம் தாழ்ந்திருந்துச்சு. இப்ப ஏறிடுச்சு."

ஏறியிருக்கலாம். அவன் சொன்னதில் எது உண்மை என்று பிரித்தெடுக்க என்னிடம் வழியில்லை. அவன் ஏன் பொய் சொன்னான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இந்தச் சின்ன விமானத்துக்கு ஐஸ் உள்ள மேகத்துக்குள் போக அனுமதி கிடையாது. பார்த்தேன் என்று சொன்னால், போகக்கூடாத இடத்துக்குப் போனேன் என்று தன் கைப்பட எழுதிக்கொடுப்பது மாதிரி. உரிமம் போகும். அதனால் இந்த ஆற்று வழியில் எந்தப் பைலட் 'ஐஸ் இல்ல' என்றாலும், சொன்னது யார் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வோம். கர்டிஸ் விஷயத்தில் இதுவரை நான் அப்படி யோசித்ததில்லை. போன மார்ச்சில் என் அண்ணனுக்குக் குடல்வால் வெடித்தபோது, மற்றவர்கள் வரமாட்டோம் என்ற வானிலையில் வந்தவன் அவன். அன்றும் என்ன சொல்லிவிட்டு வந்தானோ என்று இப்போது தோன்றியது.

என் சட்டைப்பையிலிருந்த பழைய ரேடியோ எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து லீராயின் குரல் வந்தது. பெத்தேலிலிருந்து கிளம்பிவரும் இன்னொரு பைலட். "கர்டிஸ், வளைவுகிட்ட மேகத்துக்குள்ள எப்படி? நானும் அதே வழிதான். பத்து நிமிஷத்துல உள்ள போயிடுவேன்."

கர்டிஸ் துடைப்பத்தை ஊன்றி நின்றான்.

"பதில் சொல்லு," என்றாள் நஸ்தாசியா. சறுக்குவண்டியை விட்டு அவள் எழவில்லை.

"முதல்ல உன்ன ஏத்திக்கறேன்."

"அவனுக்கு நெசத்தச் சொல்லு. எனக்குச் சொன்னதையும் நம்பி ஏறுறேன். இல்லன்னா என் பெட்டிய வசிலி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகட்டும். புயலோ என்னவோ, பாத்துக்கறேன்."

"அத எல்லாரும் கேப்பாங்க, நஸ்தாசியா."

"கேக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த ஐஸைக் கீழே போடவில்லை. துடைப்பத்தை வாலில் சாய்த்துவிட்டு முன்னால் போய் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியதால் முகம் தெரியவில்லை.

யாராவது பேசும் பொத்தானை அழுத்தினால், பேச்சு வருமுன் இரைச்சல் அடங்கும். என் பையில் இரைச்சல் அடங்கியது. நஸ்தாசியா தலையை என் பக்கம் சாய்த்தாள். அந்த அமைதி நீண்டுகொண்டே இருந்தது, அதற்குள்ளே கர்டிஸ் மூச்சு இழுக்கும் சத்தத்தோடு.