திரும்பி வராத கோடு

என் கணினிக்கு நேரம் காலமே தெரியாது. அவசர வேலை வரும் அன்றைக்குத்தான் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும்.

அன்றும் அப்படித்தான். பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி எங்கள் ஸ்டுடியோவில் தன் அக்காவின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தாள். இருவரும் இரட்டையர், பத்து நிமிடம் முந்திக்கொண்டதால் அவள் அக்கா. போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். மற்ற படங்களிலெல்லாம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே நிற்கிறார்களாம். அக்கா தனியாக இருப்பது, அலுவலக அடையாள அட்டையிலிருந்து உரித்தெடுத்த இந்தத் தபால்தலை அளவுப் படத்தில் மட்டும்தான். அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அம்மா தினமும் கேட்கிறாளாம். நாலு மணிக்கு வண்டி எடுக்கும் முன் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். முகமெல்லாம் வெள்ளைக் கோடுகள். அட்டையில் உரசிய கீறல்கள் என்று நினைத்து, இடது புருவத்தில் இருந்ததை முதலில் பிரஷ்ஷால் துடைத்தேன். போய்விட்டது. கன்னத்தில் இருந்ததைத் துடைத்தால் நெற்றியில் முளைத்தது. நெற்றியைத் துடைத்தால் மூக்கில். அரைமணி நேரம் என்னோடு கண்ணாமூச்சி ஆடியது. எனக்கு வந்த கோபத்துக்கு மவுஸ் தப்பித்ததே பெரிய விஷயம்.

முன்னறையில் விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, துடைக்கத் துடைக்க இடம் மாறும் கோடு படத்தில் இல்லை, திரையில்தான் என்றார். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவர் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது, அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தை என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. அப்படியென்றால் படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் திரையில் காட்டுவதில்தான் கோளாறு. செட்டிங்ஸில் போய் திரைக்கு வேகம் கூட்டும் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தவேண்டாம் என்று மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தேன். அதன்பிறகு எல்லாம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது. மூன்றரைக்குப் பிரின்ட் கையில். வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

டிரைவர் சீருடையில் வந்தாள். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான்க்கா, அவ இல்ல."

நீங்கள் கொடுத்த படம்தான் இது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

"அவளுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு உண்டு. அதை வச்சுத்தான் அம்மாவே எங்களை அடையாளம் கண்டுபிடிப்பாங்க."

லென்ஸை வைத்து அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தேன். புருவத்துக்குக் குறுக்கே மயிரிழையாக ஒரு வெள்ளைக் கோடு. நான் முதலில் துடைத்தது. துடைத்த பிறகு திரும்பி வராத கோடு அது ஒன்றுதான். ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. செத்துப்போனவளின் அடையாளத்தைக் கீறல் என்று அழித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுபடி ஸ்கேன் செய்தேன். இந்தத் தடவை புருவத்தைத் தொடவில்லை. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தழும்பு தெரிந்ததும் மெதுவாகப் பேசினாள்.

"ஏழு வயசுல நான் தள்ளிவிட்டதுல கதவுல இடிச்சுக்கிட்டா. தானா விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னா. கடைசி வரைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கல."

 வேண்டுமானால் கொஞ்சம் மங்கலாக்கட்டுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

புதுப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மேஜைமேல் கிடந்த முதல் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதைக் கிழிச்சுடுங்கக்கா. நான் இன்னும் இருக்கேன்ல."