வலது அம்புக்குறி

சின்னவளுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எண்களைக் கோட்டுப் படமாக வரைந்து காட்டும் ஒரு கணினி நிரல் நூலகம். இலவசம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து மணிக்கட்டு கடுத்துப்போய், "நானே சேர்த்துத் தொலைக்கிறேன்" என்று விசைப்பலகைக் குறுக்குவழிகள் எழுத உட்கார்ந்தாள். வலது அம்புக்குறியைத் தட்டினால் படம் ஒரு மணி நேரம் முன்னே நகர வேண்டும்.

சோதிக்க அப்பாவின் நாடித்துடிப்பை எடுத்துக்கொண்டாள். டாக்டர் மாட்டிவிட்ட மணிக்கட்டுப் பட்டை நிமிடத்துக்கு ஒரு எண்ணை அவள் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டிய மனிதர், யாரையாவது திட்டாமல் பொழுது போகாது.

மணி மூன்று. தட்டினாள். தரவு முடிகிற இடத்தில் படம் நிற்கும்படி எல்லை போட மறந்திருந்தாள். மறந்தால் என்ன, அதற்குமேல் வெறும் வெள்ளைதானே வரணும்? கோடு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தரவுக் கோப்பைத் திறந்து பார்த்தாள். மூன்று மணிக்குப் பிறகு ஒரு எண்கூட இல்லை.

படத்தில் மூன்று இருபதுக்குக் கோடு எகிறியிருந்தது. மூன்று இருபதுக்கு அப்பாவுக்குப் புரையேறி, கண் பிதுங்க இருமினார்.

மறுபடி தட்டினாள். நாலு பத்துக்குக் கோடு பூஜ்யத்தில் விழுந்தது. இரண்டு நாள் தூரம் தட்டிப் பார்த்தாள், எழவே இல்லை.

"கிளம்புங்கப்பா, ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

கெஞ்சி, திட்டி, அழுது அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாலு அடித்துவிட்டது. வாசலில் கார் நின்றது. அவசரமாக அவருக்குச் சட்டையை மாட்டிவிடும்போது சட்டைக் கையில் பட்டை சிக்க, வெடுக்கென்று கழற்றினாள். திரையைப் பார்த்தாள். நாலு பத்து. பூஜ்யம்.

"சே, இதுக்கா இவ்வளவு பயந்தேன்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பட்டையைக் கழட்டினதுதான்பா, வேற ஒண்ணுமில்ல."

"டாக்டர் கத்துவார். மாட்டும்மா" என்று அப்பா கையை நீட்டினார்.

மாட்டினாள். திரையில் பூஜ்யம். ஒரு துளை இறுக்கினாள். பூஜ்யம்தான்.

"கையை ஆட்டாம வைங்கப்பா" என்றாள், பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஆட்டவே இல்லை.