நடுவயல் மண்

முத்துலட்சுமி தி.நகரிலிருந்து பஸ் பிடித்து, அடையாறில் இருக்கும் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே ஒரு கிலோ மண்.

"அம்பாசமுத்திரம் பக்கம் வந்து கிளாஸ் எடுத்தீங்களே மேடம், ஞாபகம் இருக்கா? அய்யாதுரை பொண்டாட்டி."

ஞாபகம் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு வருடம் முன்பு அங்கே மண்வளப் பயிற்சி கொடுத்தவள் நான்தான். பட்டா யார் பெயரிலோ அவர்களுக்கு மட்டும் அழைப்பு. அதனால் ஆண்கள் உள்ளே, பெண்கள் வாசலில் காபி ஆற்றிக்கொண்டு. "நடுவயல்லதான் மேடம் பயிர் கட்டையா நிக்கு, இலையெல்லாம் துரு புடிச்ச மாதிரி" என்று வாசலிலிருந்து இவள் குரல் கொடுத்தாள். "விவசாயி பேசட்டும்மா" என்றேன். எப்பேர்ப்பட்ட மேதாவி நான்! அந்த வயலில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் அவள்.

அய்யாதுரை அன்று பரிசோதனைக்குக் கொடுத்தது எருச்சத்து ஊறிய எருக்குழி ஓரத்து மண் என்பது இப்போது இவள் சொல்லித்தான் தெரிந்தது. ஏமாற்ற நினைக்கவில்லை, பாவம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் மகளை நல்ல புடவையில் நிறுத்துகிற மாதிரி, நிலத்தில் நல்லதாகப் பார்த்து அள்ளியிருக்கிறார். எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது என்று நான் சொன்னேனா? சொன்னேன், சாப்பாடு வந்துவிட்ட அவசரத்தில், ஒரே ஒரு தடவை. எல்லாச் சத்தும் போதுமான அளவு என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அதன்பிறகு மூன்று போகம் தேறவில்லை. மண் செத்துப் போச்சு என்று வயலை விற்றுவிட்டு, தி.நகரில் ஊர்க்காரர் ஜவுளிக்கடையில் இருவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர் வாசலில் செக்யூரிட்டி. இவள் மூன்று மாடியும் பெருக்கித் துடைக்கிறாள்.

"கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். வயல்ல பிளாட்டுக் கல்லு நட்டிருக்காங்க. நடுவுல போயி அள்ளிட்டு வந்தேன். என்ன கேடுன்னு தெரிஞ்சா போதும் மேடம்."

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தாள். முடிவு என் மேஜைமேல் இருந்தது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பொய் சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். வாய் வரவில்லை.

"துத்தநாகச் சத்து, ஜிங்க், அது ஒண்ணுதான் இல்ல. மத்தபடி நல்ல மண்ணுதான். பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போட்டிருந்தா பயிர் எழுந்திருக்கும்."

அவள் அழவில்லை. நான்தான் வெட்கமில்லாமல் அவள் முன்னால் அழுதேன்.

"அவுககிட்ட சொல்லிராதீங்க" என்றாள். "மண்ணு செத்துப் போச்சுன்னு நெனச்சுத்தான் அவுக ரெண்டு வாய் சோறு திங்காக."

கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"அதை எப்படிப் போடணும் மேடம்?"

"இப்ப எதுக்கு முத்துலட்சுமி..."

"சொல்லுங்க."

சொன்னேன். ஏக்கருக்குப் பத்து கிலோ. இருபது கிலோ மணலில் கலக்க வேண்டும். நடவுக்கு முன்னால், சமப்படுத்திய சேற்றில் சீராகத் தூவ வேண்டும். டிஏபி உரத்தோடு சேர்க்கக் கூடாது. ஏன் கூடாது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"மணலு ஈரமா இருக்கலாமா?"

"கூடாது. காஞ்ச மணல்தான்."

"காஞ்ச மணலு ஊர்ல எங்க வீட்டுக்குப் பின்னாலயே கெடந்துச்சு" என்றாள்.