பூஜைக்கு வைத்த லென்ஸ்

புது லென்ஸ் வாங்கியவர் அதைக் கூட்டாளிகள் முன்னால் வைத்துத்தான் பெட்டி பிரிக்க வேண்டும் என்பது தெற்கெல்லைப் பறவை நேசர் குழுவின் எழுதாத சட்டம். குழுவில் மொத்தம் நான்கு பேர். அவர்கள் பறவையைப் பார்த்த நேரத்தைவிட ஒருவர் லென்ஸை மற்றவர் தூக்கிப் பார்த்த நேரம் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரித்தது தீபு. கேரள எல்லையோரப் பாறசாலையில் பல் வைத்தியம் பார்க்கிறவன். நுரைத்தாளை அவன் விலக்கிய பக்குவத்தைப் பார்த்தால், பிறந்த பிள்ளையைத் துணியிலிருந்து எடுக்கிறான் என்றே நினைக்கத் தோன்றும்.

"தூக்கிப் பாருங்க சாரே. இதுக்க முன்னால ஒங்க லென்ஸ் வெறும் குட்டியாக்கும்."

சிவராம் தூக்கிப் பார்த்தார். "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிறு எரிவதை முகத்துக்கு வரவிடாத பயிற்சி உண்டு. குழுவில் அதிகம் வாங்கியவர் அவர்தான். கேமரா இரண்டு, முக்காலி மூன்று, இலை ஒட்டிய ராணுவச் சட்டை ஒன்று. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு பறவையை முதலில் படமெடுத்தவர் என்ற பெயர் மட்டும் ஒருமுறைகூட அவருக்கு வாய்க்கவில்லை. அதை எந்தக் கடையிலும் விற்கவில்லை.

இந்த வருடம் வாய்ப்பு இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் அபூர்வ உள்ளான் பறவை ஒன்றைப் போன வருடம் நவராத்திரி சமயத்தில் குன்னத்துகால் வயலில் பார்த்ததாகப் பேச்சு. கண்ணால் கண்டவர் உண்டு, படம் இல்லை. இந்த வருடம் எடுப்பவன் பெயர் நிற்கும். நால்வருக்கும் இது தெரியும். நால்வரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

யோசித்து யோசித்துக் கடைசியில் சிவராம் ஒரு பக்தி வழியைக் கண்டுபிடித்தார்.

"இந்த வாட்டி எல்லாரும் கேமராவ எனக்க வீட்ல பூஜைக்கு வைக்கணும். நமக்கு ஆயுதம் அதாக்கும்."

அஷ்டமி சாயங்காலம் வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. மறுத்துப் பேசினால் சரஸ்வதியை அவமதித்ததாகும். ஓய்வுபெற்ற பேராசிரியர் பொன்னப்பன் கண்ணை மூடி, "நல்ல சிந்தனை" என்றார். ஓடு வியாபாரி சஜி, "அடிபொளி சாரே" என்றான். தீபு மட்டும் சற்று நேரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றான்.

அஷ்டமியன்று நான்கு பெட்டிகளும் வந்து அமர்ந்தன. சந்தனம், குங்குமம், செண்டுமல்லி. சிவராமின் பெட்டிக்குள் கேமரா இல்லை. அது பரணில் பழைய மெத்தைக்குள் பத்திரமாக இருந்தது. கனத்துக்காக அவர் உள்ளே போட்டிருந்தது மனைவியின் அம்மிக்குழவி.

எல்லாம் முடிந்தும் மனம் நிறையவில்லை. தன் பக்தியில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

"ஆனந்தலட்சுமி, ஒனக்க போனையும் கொண்டு வை."

"போனையா? ரஞ்சனி விளிப்பாளே. மாசமா இருக்கப்பட்ட பிள்ள, அதும் அயர்லாந்துல."

"எனக்க போன் உண்டுல்லா? நான் தாறேன், பேசு."

நால்வர் முன்னால் மேற்கொண்டு பேச அவளுக்கு விருப்பமில்லை. போனை அணைத்து, கும்பிட்டு, பெட்டிகளின் நடுவில் வைத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய், "குழவிய எங்க காணல்ல?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நவமி காலை வெயில் ஏறுமுன் சிவராம் குன்னத்துகால் வரப்பில் இலைச்சட்டையோடு குப்புறக் கிடந்தார். ஊரில் வேறு கேமரா இல்லை என்ற நினைப்பு அவருக்குச் சுகமாக இருந்தது. அப்போது உள்ளான் வந்தது. பழுப்பு நிறம், கோழிக்குஞ்சு அளவு. சைபீரியா என்று தெரியாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ரஞ்சனி. வாங்கிய தொட்டிலையோ குட்டிச் சட்டையையோ வீடியோவில் காட்டப்போகிறாள் என்று நினைத்துத் துண்டித்தார். அங்கே அப்போது நடுராத்திரி என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. உள்ளான் கழுத்தைத் தூக்கியது. போனையே அணைத்துவிட்டார்.

மூச்சைப் பிடித்து விரலை வைத்தார். டகடகடகவென்று சத்தம் கேட்டது. அவர் இன்னும் அழுத்தவில்லை. சத்தம் வந்தது பக்கத்து வாழைக்கூட்டத்திலிருந்து. உடனே வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு டகடக. அந்தப் பறவை ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தது இதற்கா என்பதுபோல எழும்பி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று.

வாழைக்குள்ளிருந்து பொன்னப்பன் எழுந்தார். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து சஜி. இருவருக்கும் நடுவே, முழங்கால்வரை சேற்றோடு, புது லென்ஸைத் தோளில் சாய்த்தபடி தீபு.

"சும்ம நடக்க வந்தேனாக்கும்" என்றார் பொன்னப்பன், முழ நீள லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு.

"நானும்" என்றார் சிவராம்.

"எலே, அப்பம் பூஜையில இருக்கது என்னதுலே?" என்று தீபு சஜியைக் கேட்டான்.

"ஒனக்க பெட்டியில இருக்கது தான்."

யாரும் சிரிக்கவில்லை. யாருடைய படத்திலும் பறவை முழுதாக விழவுமில்லை. சிவராம் கடைசியில் பதறி அழுத்தியதில் வெறும் சேறு. அந்த எரிச்சலில் வீடு திரும்பியவர் வெகுநேரம் கழித்தே போனை உயிர்ப்பித்தார். ரஞ்சனி கூப்பிட்டதை மனைவியிடம் சொல்லவில்லை. அன்று இரண்டு முறை அவள், "மக விளிச்சாளா?" என்று கேட்டபோது, "இல்ல" என்றார். விளித்தாள் என்றால் எங்கே இருந்தபோது என்ற கேள்வி வரும்.

விஜயதசமி காலையில் நால்வரும் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். தீபாராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியை இரண்டு கையாலும், கனம் தாங்காதவர்போல முதுகை வளைத்து எடுத்தார்கள். "தேவி துணை" என்றார் பொன்னப்பன், தழுதழுத்து.

ஆனந்தலட்சுமி தன் போனை எடுத்து உயிர்ப்பித்தாள். மகள் பேசி அனுப்பியிருந்தது வரிசையாக வந்து விழுந்தது. காதில் வைத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு கடைசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, இப்பம் பரவால்ல. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு விட்டுட்டாவ. நேத்து ராத்திரி ரெத்தம் போச்சும்மா. இவரு டூட்டில. ஆம்புலன்ஸ் வாறது வரைக்கும் ஒங்குரல கேக்கணும்னு இருந்து. ஒனக்க போன் எடுக்கல்ல. அப்பாக்கு விளிச்சேன். ரெண்டு வாட்டி. கட் பண்ணிட்டாரு. இனி நானே விளிக்கேன், நீ விளிக்காண்டாம்."

சிவராம் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். "தொழுவுற நேரம்... சைலன்ட்ல..." என்று ஏதோ தொடங்கினார்.

அவள் பக்கத்தில் வந்தாள். அவர் கையிலிருந்தபடியே பெட்டியின் மூடியைத் திறந்தாள். நுரைத்தாளுக்கு நடுவில், சந்தனப் பொட்டோடு, அம்மிக்குழவி கிடந்தது. அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

சஜி மெல்லத் தன் பெட்டியை முதுகுப்பக்கம் மறைத்தான். உள்ளே ஓடுகள் ஒன்றோடொன்று உரசின.

"இருங்க எல்லாரும்" என்றாள் ஆனந்தலட்சுமி. "சட்னி அரைச்சு தாறேன். ரெண்டு நாளா ஆயுதம் இல்லாம இருந்து."