சுத்தமான தெரு

திங்கட்கிழமை காலையில் சுசானா வாசலுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது புகை எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான். இரும்பாலைப் புகை ஆற்றுப் பக்கம் போனால் போர்வைகளைக் கொடியில் போடலாம். தெருப் பக்கம் திரும்பினால் துவைத்ததெல்லாம் வீண்.

ஆலையில் கணவன் செத்ததற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் வாங்கிய வீடு அது. ஆற்றங்கரைச் சந்தில் பலகை வீடுதான், ஆனால் சொந்த வீடு. அதில் ஆலைத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்துப் பிழைத்தாள். ஒரு ஷிப்டுக்காரன் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் அடுத்த ஷிப்டுக்காரன் அதே படுக்கையில் விழுவான். எல்லாரும் அவளையும் எங்களையும் போலவே ஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். அந்த வீடு போனால் அவளுக்கும் மகள் யூலியாவுக்கும் வேறு நாதியில்லை.

1911ஆம் வருஷம் நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு நகரத்தை அழகாக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அகலமான சாலை, நீரூற்று, வெள்ளைக் கல்லில் ஒரு மண்டபம். புகையை என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? மண்டபத்துக்குப் பணம் கொடுப்பவர்களே ஆலைக்காரர்கள்தானே.

திட்டம் போட்ட நிபுணர் விட்கம், எங்கள் தேவாலயத்துக் கூடத்துக்கே வந்தார். சுவர் நிறைய ஒரு வண்ண வரைபடத்தை மாட்டினார். ஆறு நீலம், சாலை மஞ்சள், ஆற்றங்கரைச் சந்து முழுக்கப் பச்சை. அவர் பேசிய ஆங்கிலம் யாருக்கும் புரியவில்லை. அதனால் ஒந்த்ரேய் எழுந்து மொழிபெயர்த்தான். முனையில் மதுக்கடை வைத்திருப்பவன். யூலியாவுக்கு ஞானத்தகப்பன். சுசானாவுக்குக் கூடப் பிறக்காத அண்ணன்.

"உங்க தெருவைச் சுத்தமாக்கப் போறாங்களாம். அந்தப் பச்சையைப் பாருங்க, அத்தனையும் மரம், புல்லு!" என்றான்.

"கொடியில போட்ட துணி இனிமே கறுக்காதா அண்ணே?" என்று சுசானா கேட்டாள்.

"அந்தக் கவலையே உனக்கு இருக்காது தங்கச்சி."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மதிப்புள்ள விருந்தாளி வந்தால் ரொட்டியும் உப்பும் நீட்டுவோம். அதைத் தின்றவன் எங்களுக்குத் தீங்கு நினைக்க மாட்டான் என்பது நம்பிக்கை. சுசானா தன் கையால் சுட்ட ரொட்டியை நீட்டினாள். விட்கம் உப்பில் தொட்டுத் தின்று தலை வணங்கினார். கூடமே கை தட்டியது. சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தயங்கியவர்களை, "நல்லது பண்ண வந்தவரைச் சந்தேகப்படாதீங்க" என்று சுசானாதான் அதட்டிக் கைதூக்க வைத்தாள்.

பனி உருகியதும் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். குடியிருக்கத் தகாத வீடு என்று கதவில் அட்டை அடித்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் மண்ணுக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும், வீட்டுக்குக் கிடையாது. அடுத்து கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். சமையலறைச் சுவர் சாய்ந்தபோது அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் இன்னும் சூடாக இருந்தது.

சுசானா சாம்பல் படிந்த கையோடு ஒந்த்ரேய் கடைக்குள் நுழைந்தாள்.

"சுத்தமாக்கறாங்கன்னியே, அன்னிக்கு அந்த ஆள் சொன்ன வார்த்தைக்கு நிஜமா என்ன அர்த்தம்?"

"நான் என்ன பொய்யா சொன்னேன் தங்கச்சி? சுத்தமாக்குவாங்கன்னேன். சுத்தமாத்தானே எடுத்துட்டாங்க!"

கடையில் ஒருவன் சிரித்தான். சுசானா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"இடிச்சுத் தள்ளறோம்னு அவர் சொன்னாரு. அப்படித்தானே? உனக்கு அன்னிக்கே தெரியும்."

ஒந்த்ரேய் துடைத்த கண்ணாடிக் குவளையையே மறுபடி துடைத்தான். "புதுச் சாலை முனையில எனக்குக் கடை தர்றேன்னாங்க. நானும் பிழைக்கணும்ல? எப்படியும் இடிக்கத்தான் போறாங்க, நீ கத்தியிருந்தா மட்டும் நின்னிருக்குமா?"

"நின்னிருக்காதோ என்னவோ. கத்தியிருப்பேன்ல? அதைக்கூட விடாம பண்ணிட்டியே. என் கையாலேயே ரொட்டி கொடுக்க வெச்சியே, பாவி! என் பொண்ணை உன் கையில ஏந்தித்தானே ஞானஸ்நானம் கொடுத்தோம்?"

அந்நியன் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவனைத் திட்டக்கூட வார்த்தை வரவில்லை. வீடு இழந்த ஜனங்கள் அவளையும் முறைத்துக்கொண்டுதான் போனார்கள். அவள் பேச்சைக் கேட்டுத்தானே கை தூக்கினார்கள்.

சந்துக்காரர்கள் பலரும் மேட்டுத் தெருவுக்குத்தான் குடிபோனார்கள். சுசானாவுக்கும் அங்கே ஒண்டுக் குடித்தனம். பகலெல்லாம் ஊரார் துணி துவைத்தாள், மாலையில் யூலியாவோடு உட்கார்ந்து ஆங்கிலம் படித்தாள். நாக்கு சுளுக்கிக்கொண்டது, ஆனால் விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து விட்கம் மேட்டுத் தெருவுக்கும் ஒரு திட்டத்தோடு வந்தார். அதே கூடம், புது வரைபடம், பக்கத்தில் அதே ஒந்த்ரேய். மேட்டுத் தெரு இப்போது பச்சையாக இருந்தது. ஒரு பெண் ரொட்டித் தட்டோடு எழுந்தாள். சுசானா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் நேராக விட்கமைக் கேட்டாள்.

"இந்தப் பச்சைக்குக் கீழே யார் வீடு இருக்கிறது?"

விட்கம் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் வீடுகளே இல்லை.

"ஆற்றங்கரைச் சந்துக்காரர்கள் அன்று கை தட்டினீர்களே அம்மா? உங்களுக்குச் சம்மதம் என்றுதானே நினைத்தேன்?" ரொட்டி கொடுத்த முகத்தை அடையாளம் கண்டுகொண்ட அவர் நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"எதற்குத் தட்டினோம் என்று கேட்டீர்களா? என் ரொட்டியைத் தின்றீர்கள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லையே."

ஒந்த்ரேய் குறுக்கே புகுந்தான். "அவ ஏதோ உளர்றா..."

"நீ உட்காரு. இனிமே என் வீட்டைப் பத்தி நானே பேசிக்கறேன்."

பிறகு அவள் ஜனங்களின் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நான்தான் உங்களைக் கை தூக்க வெச்சேன். அந்தப் பாவம் என்னோட. ஆனா இதை மனசுல வெச்சுக்குங்க. மொழி தெரியாதது குத்தமில்ல, புரியாததுக்குக் கை தட்டறதுதான் குத்தம். யார் வந்து ஊரை அழகாக்கறேன்னு சொன்னாலும், அந்த அழகுல நம்ம வீடு எங்கே இருக்குன்னு முதல்ல கேளுங்க. பதில் வந்தப்புறம் ரொட்டியை நீட்டலாம்."

ரொட்டித் தட்டு அந்தப் பெண்ணின் மடியிலேயே இருந்தது. அன்று யாரும் கை தட்டவில்லை.